மீட்டரின் முன்பல்

பிளாஸ்க் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மீட்டர் என்றே கூப்பிட்டார்கள். சம்பள நாளில் மட்டும் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர் இடிக்க வேண்டும்.

அவருக்குப் பரிசோதனை அறையில் வேலை. காலையில் பிளாஸ்க்குகளில் கொதிநீர் ஊற்றி, மூடி, வரிசையாகப் படுக்கவைப்பார்கள். மாலையில் திறந்து, சூடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்ப்பதற்கு ஒரு வெப்பமானி இருந்தது. ஒரு நாள் அது கீழே விழுந்து உடைந்தது. புதியது வேண்டும் என்று மேலே கேட்டார்கள். மேலே அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை பிளாஸ்க்குகளைச் சும்மா போட்டுவைக்க முடியாது என்பதால், அவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். ஒரு வழியாகப் புதிய வெப்பமானி வந்தது. அது அவர் சொன்ன எண்ணையே சொன்னது. வெப்பமானி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அறையில் முடிவு செய்தார்கள்.

அவர் நாக்கால் கண்டுபிடிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நாக்கு வெந்து மரத்துப்போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. வீட்டில் உப்புச் சரியா என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்பார். அதைப் பாராட்டு என்று அவருடைய மனைவி சில வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். நல்லாயிருக்கு என்றார்.

அவருடைய கருவி மேல்வரிசை முன்பல். ஒரு மடக்கு வெந்நீரை உதட்டுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவில் தேக்கி வைத்துக்கொள்வார். ஈறு காய்த்துப்போயிருந்ததால் சுடுவது தெரியாது. சூடு மெல்லப் பல்லுக்குள் ஏறும். பல் சூட்டை லேசில் உள்ளே விடாது. கடைசியில் வேரில் ஒரு கூச்சம் தட்டும். அந்தக் கூச்சத்தை வைத்து எண்ணைச் சொல்வார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாக்கு என்றால் திறமை. பல் என்றால் சிரிப்பார்கள்.

தொழிற்சாலை வாசலில் முன்பு "இரட்டை எஃகுச் சுவர், நடுவே வெற்றிடம்" என்று எழுதியிருந்தது. புதிதாக வந்த விற்பனை மேலாளர் காரை விட்டு இறங்கியதும் அதை நின்று படித்தார்.

"வெற்றிடம்னா என்னய்யா?"

"ரெண்டு சுவருக்கு நடுவுல ஒண்ணுமே இருக்காது சார். காத்துகூட இல்ல. அதனாலதான் சூடு வெளிய போகாது" என்றார் காவலாளி.

"ஒண்ணுமில்லாததுக்கு எவன் காசு குடுப்பான்? அத அழி."

மறுநாள் அங்கே "எஃகைத் தாண்டிச் சூடு போகாது" என்று இருந்தது. துண்டுப் பிரசுரத்திலும் அதுவே. பிளாஸ்க்கின் அடிப்பாகத்திலும் அதுவே பதிக்கப்பட்டது. மீட்டர் தினமும் அந்த வாசகத்தின் கீழே போனார், வந்தார். ஒரு நாளும் அண்ணாந்து படித்ததில்லை. படிக்காமலேயே அது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே கொதிக்கிற பிளாஸ்க்கை வெளியே பிடித்தால் கை குளிர்ந்தது. கையில் படுவது எஃகு. ஆகவே எஃகு சூட்டைத் தடுக்கும். அந்தத் தொழிற்சாலையில் மேலிருந்து கீழ்வரை இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. காவலாளிகூட மறந்துவிட்டார்.

மேலாளர்தான் மீட்டரைக் கண்டெடுத்தார். பார்வையாளர் யார் வந்தாலும் அவரை அழைத்துக் குடிக்கச் சொல்வார். மீட்டர் எண்ணைச் சொல்வார். வெப்பமானி ஆமோதிக்கும். பார்வையாளர் கைதட்டுவார். பிறகு ஒரு நாள் மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மீட்டர், வெளிநாட்டுக்குப் போற பெட்டியில உங்க முகத்தப் போடப் போறேன். பிளாஸ்க்க வாயில வெச்சுட்டுச் சிரிக்கறீங்க. அதான் படம்."

மீட்டர் அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவரை யாரும் படம் எடுத்ததில்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, மனைவியும் சேர்க்கமாட்டாள்.

"கடல் தாண்டிப் போகுமாம்" என்றார்.

"யாரு, நீங்களா?"

"என் முகம்."

"முகம் மட்டும் தனியா போகுதா? நல்லதுதான். மத்ததெல்லாம் இங்க இருந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள்.

சிரித்தாளே தவிர, பக்கத்து வீட்டில் அன்றே சொல்லிவிட்டாள்.

மூடிப் பிரிவில் ஒரு அக்கா இருந்தாள். அவள் பொறுப்பில் புதுவகை மூடி ஒன்று வந்தது. அது பொருத்திய முதல் பிளாஸ்க் மாலையில் திறக்கவில்லை. மீட்டர் துணி சுற்றித் திருகினார். மேசையில் தட்டினார். திறக்கவில்லை.

"மூடியில கோளாறுக்கா."

"என் மூடி நல்லாத்தான் இருக்கு மீட்டரே. உங்க கையிலதான் தெம்பில்ல. வீட்டுல சாப்பாடு போடறாங்களா இல்லையா?"

அறை சிரித்தது. மீட்டர் மூடியின் விளிம்பைப் பல்லால் கவ்வி ஒரு திருகு திருகினார். மூடி திறந்தது. முன்பல் ஈறோடு உடைந்து கையில் வந்தது. அன்றைய அறிக்கையில் "மூடியின் இறுக்கம்: மிக நன்று" என்று எழுதினார்கள்.

மேலாளர் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உடனே மூடச் சொன்னார்.

"பொந்து தெரியற முகத்தப் பெட்டியில போட முடியாது மீட்டர். வெளிநாட்டுலேர்ந்து வாங்கறவங்க மழை முடிஞ்சதும் வர்றாங்க. அதுக்குள்ள பல்லோட வந்தா நீங்க. இல்லன்னா கணக்குப் பிரிவுல ஒரு பையன் சிரிச்சா நல்லா இருக்கான், அவன்."

"அவனுக்குச் சூடு பாக்கத் தெரியாதே சார்."

"பெட்டிக்குத் தெரியணுமா?"

பல் மருத்துவரின் இடம் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில் பல் தெரியச் சிரிக்கும் ஆட்களின் படங்கள். எல்லோரும் ஒரே பல்வரிசையை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தார்கள். மருத்துவர் வேகமானவர். கையுறையை மாட்டிக்கொண்டே பேசுவார், கழற்றும்போது பேச்சு முடிந்திருக்கும்.

"மூணு வழி இருக்கு. கழட்டி மாட்டற தட்டு. அண்ணத்த மூடிக்கும்."

"வாயில தண்ணி தேக்கறது எனக்கு வேலை, டாக்டர்."

"அப்ப பாலம் மாதிரி வெக்கலாம். ரெண்டு பக்கத்துப் பல்லையும் கொஞ்சம் ராவணும்."

"அதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு?"

"அப்ப மூணாவது. தாடை எலும்புல ஒரு திருகாணி. அதுமேல பல்லு. சாகறவரைக்கும் அசையாது."

"திருகாணி எதுல?"

"டைட்டானியம். விமானத்துக்குப் போடற உலோகம்."

உலோகம் என்றதும் மீட்டருக்கு மனம் நிறைந்தது. பல்லில் சொத்தை விழும், விரிசல் விழும். உலோகம் என்றால் வேறு கதை. தொழிற்சாலைப் பொருள் ஒன்று தன் வாய்க்குள்ளும் வருகிறது என்று தோன்றியது.

முறைப்படி செய்தால் திருகாணியைப் புதைத்து, ஈறை மூடி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகுதான் பல். மழை முடிவதற்குள் வேண்டும் என்றார் மீட்டர். செய்துவிடலாம் என்றார் மருத்துவர். திருகாணியை இறக்கிய அன்றே அதன்மேல் ஒரு உலோகத் தண்டை நிறுத்தி, முன்பக்கம் மட்டும் வெள்ளையாக ஒரு தற்காலிக மூடியைச் செருகிவிடுவார். பின்பக்கம் தண்டு வாய்க்குள் வெறுமனே நிற்கும். யாருக்கும் தெரியாது.

தண்டு ஒரு நெல்லளவு கூடுதல் உயரமாக நின்றது. வெளியே எடுத்து அரைக்க வேண்டும். மருத்துவருக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். வாயிலேயே வைத்து அரைக்கக் கருவியை எடுத்தார். அதன் முனையில் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை. நாற்காலிக்கு வரும் குழாயில் அடைப்பு.

"தண்ணி வர்ல டாக்டர்" என்றாள் உதவி செய்த பெண்.

"ரெண்டு நொடி வேலைம்மா. வாயத் திறந்து வைங்க சார்."

இரண்டு நொடி என்பது மருத்துவர்களின் அளவை. கருவி நெடுநேரம் கத்தியது. மீட்டரின் மூக்குக்குக் கீழே ஒரு பொறி பறந்தது. கருகல் வாசனை வந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தொழில் பழக்கத்தில், பொறி பறக்கவேண்டுமானால் எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தார். தன் தாடையைப் பற்றித்தான் யோசிக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

"சூடா எதுவும் வேணாம்" என்றார் மருத்துவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"உலோகம்தானே டாக்டர்?"

"உலோகம்தான். அடுத்தவங்கள வரச் சொல்லும்மா."

வீட்டில் மனைவி கஞ்சியை ஆறவைத்துக் கொண்டுவந்தாள். மீட்டர் சூடாகவே கேட்டார்.

"வேணாம்னு சொன்னாராமே?"

"அது சாதாரணப் பல்லு வெச்சவங்களுக்குச் சொல்றது. இது உலோகம். சூட்ட உள்ள விடாது."

மனைவி அடுப்பிலிருந்த பாத்திரத்தில் நின்றுகொண்டிருந்த கரண்டியைக் காட்டினாள்.

"இதப் பிடிங்க."

பிடித்தார். விட்டார். கையை உதறினார்.

"இது உலோகம் இல்லாம என்ன, வாழைத்தண்டா?"

"இது கரண்டி. கண்ட உலோகம். எங்களது வேற."

"உங்க வாயில இருக்கறது கரண்டியா பிளாஸ்க்கா?"

"விமானம்" என்றார் மீட்டர்.

அவள் கரண்டியைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தனை வருடம் அவருடன் குடித்தனம் செய்ததில், எங்கே நிறுத்திக்கொள்வது என்று அவளுக்குத் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, மீட்டர் ஒரு மடக்கைத் தேக்கிவைத்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பல்லில் கூச்சம் இல்லை. கூச்சத்துக்கு நரம்பு வேண்டும், திருகாணிக்கு நரம்பு கிடையாது. இந்த எளிய விஷயத்தை அவர் அதுவரை யோசிக்கவில்லை. வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னார். வெப்பமானி ஒப்புக்கொள்ளவில்லை. எழுதுகிறவர் இரண்டையும் பார்த்து, மரியாதை கருதி மீட்டர் சொன்னதை எழுதினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மீட்டர் மற்றவர்களுக்கு முன்பே போய், வெப்பமானியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, பிறகு குடித்துச் சொன்னார். வெப்பமானியைப் பார்த்துச் சொல்கிற மீட்டர். அன்று அவர் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

வாங்குகிறவர்கள் முன்னால் திருட்டுத்தனமாகப் பார்க்க முடியாது. முகம் இருக்கும், எண் இருக்காது. எண் இல்லாவிட்டால் முகமும் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும்.

அவர் பழகினார். மற்றவர்கள் போனபின் ஒவ்வொரு பிளாஸ்க்காகத் திறந்து, மடக்கு மடக்காகத் தேக்கினார். ஆறியதை விட்டுவிட்டுச் சூடானதையே தேடிக் குடித்தார். மறுபடி மறுபடி அந்தப் பல்லின்மேலேயே வெந்நீரை நிறுத்தினார். நரம்பு இல்லாவிட்டால் நரம்பு முளைக்கும்வரை விடுவதில்லை என்பதுபோல.

ஒரு மாலை, முளைத்தது.

பல்லில் இல்லை. பல்லுக்கும் மேலே, மூக்கின் அடியில், சுளீர் என்று ஒன்று. மீட்டர் துப்பிவிட்டு மறுபடி ஒரு மடக்கு எடுத்தார். மறுபடி சுளீர். இன்னொரு பிளாஸ்க், கொஞ்சம் ஆறியது. சுளீர் சற்றுத் தணிந்து வந்தது. வெப்பமானியைப் போட்டுப் பார்த்தார். அவர் மனதில் வந்த எண்ணே நின்றது. கண்களில் நீர் கட்டிக்கொண்டது. வலியா சந்தோஷமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

பழைய பல் சொல்ல நேரமெடுத்தது. இது உடனே சொன்னது. பழையது முனகியது, இது கத்தியது. பாதி டிகிரி வித்தியாசத்தைக்கூடச் சொன்னது. தொழிற்சாலையில் அவர் புகழ் முன்பைவிடக் கூடியது. மேலாளர் ஒரு நாள் பரிசோதனை அறைக்கே வந்து, அவர் தோளில் தட்டி, "டைட்டானியம்!" என்றார். மீட்டர் பேசும்போது மேல்பல் ஒன்று உள்ளே போய் வெளியே வருவதை மூடிப்பிரிவு அக்கா மட்டும் கவனித்தாள்.

"மீட்டரே, உங்க பல்லு வணக்கம் சொல்லுதே."

"என்னது?"

"ஆடுதுங்க. என் மூடி இப்படி ஆடுனா நீங்க பாஸ் போடுவீங்களா?"

அவர் நாக்கால் தள்ளிப் பார்த்தார். நாக்குக்கு ஒன்றும் தெரியாது. விரலால் தொட்டார். ஆடியது.

மருத்துவர் சின்னக் கம்பியால் பல்லைத் தட்டினார். நன்றாகப் பிடித்திருந்தால் கணீரென்று கேட்க வேண்டுமாம். ஈரச்சுவரைத் தட்டியதுபோலக் கேட்டது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருகாணி வெள்ளையாக நின்றது. அதைச் சுற்றி ஒரு கருப்புக் கோடு. எலும்பு இருக்க வேண்டிய இடம்.

மருத்துவர் முதல் தடவையாக நிதானமாகப் பேசினார்.

"எலும்பு வெந்துபோச்சு சார். நாப்பத்தேழு டிகிரிக்கு மேல ஒரு நிமிஷம் நின்னா அது தாங்காது. செத்துடும். செத்த எலும்பு திருகாணியப் பிடிக்காது."

"உலோகம் தடுக்காதா?"

"உலோகம்தான் சார் உள்ள கொண்டுபோகுது! செம்பு அளவுக்கு இல்லன்னாலும், பல்லோட பாத்தா ரொம்ப அதிகம். பல்லு மூடின கதவு மாதிரி. இது திறந்த ஜன்னல். நீங்க என்ன குடிக்கறீங்க?"

மீட்டர் தன் வேலையைச் சொன்னார். மருத்துவர் கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டார்.

"எத்தன டிகிரி?"

"எழுபதுக்குப் பக்கம். சிலது கூட இருக்கும்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்? நீங்களே உங்க எலும்ப வேகவெச்சுட்டு வந்து நிக்கறீங்க."

மீட்டர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார். சூட்டைப் பற்றிய பேச்சில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அன்னிக்கு நீங்க வாயில வெச்சு அரைச்சீங்களே டாக்டர். பொறி பறந்துச்சு. தண்ணி வரல. அது எத்தன டிகிரி?"

உதவி செய்கிற பெண் ஏதோ எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள்.

"அது ரெண்டு நொடி."

"ரெண்டு நொடியில பொறி பறக்குமா?"

"நீங்க வாரக்கணக்கா வெந்நீர் ஊத்தியிருக்கீங்க."

"நீங்க அடுப்ப மூட்டி விட்டீங்க. நான் ஊதினேன்."

யார் கொன்றது என்று எக்ஸ்ரேயில் எழுதியிருக்கவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மருத்துவர், இப்போதே கழற்றிவிடலாம், எலும்பு வளர்ந்தபின் பார்க்கலாம் என்றார்.

"அப்ப அந்த சுளீர்?" என்றார் மீட்டர்.

"எது?"

"சூடு பட்டா மேல ஒண்ணு கத்துதே."

"அதான் சார், எலும்பு சாகறது."

மீட்டர் விரலால் மூக்கின் அடியைத் தொட்டுப் பார்த்தார். தன் வாழ்நாளிலேயே மிகச் சரியாக எண் சொல்லிய நாட்கள் அவை. எண்ணைச் சொன்னது எது என்பது இப்போது தெரிந்துவிட்டது. வாங்குகிறவர்கள் அந்த வாரக் கடைசியில் வருகிறார்கள். இப்போது கழற்றினால் பொந்து. கழற்றாமல், வெந்நீரைத் தொடாமல் இருந்தால் பல் ஒருவேளை இன்னும் சில நாள் நிற்கும், ஆனால் எண் வராது. இரண்டும் வேண்டுமானால், மிச்சமிருக்கிற எலும்பைச் செலவு செய்ய வேண்டும்.

"வெள்ளிக்கிழமை தாண்டி வர்றேன்" என்று எழுந்தார்.

"சார், இருக்கற எலும்பும் போயிடும்."

"வெள்ளிக்கிழமை தாங்குமா?"

"அத நான் எப்படிச் சொல்றது?"

"என்ன டாக்டர், ஒரு எண்ணுகூடச் சொல்ல மாட்டேங்கறீங்க" என்றார் மீட்டர்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை அறை மேசைக்கு வெள்ளைத் துணி போட்டார்கள். வாங்குகிறவர்கள் மூவர். இருவர் எதற்கும் தலையாட்டினார்கள். மூத்தவர் எதற்கும் ஆட்டவில்லை. மேலாளர் அவர்கள் மொழியில் பேசி, நடுநடுவே மீட்டரைக் கைகாட்டினார். புகைப்படக்காரர் மூலையில் விளக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்.

மீட்டர் முதல் பிளாஸ்க்கில் ஒரு மடக்கு எடுத்தார். சுளீர் கண்ணுக்குக் கீழே வரை ஏறியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபத்தெட்டு."

வெப்பமானியைப் போட்டார்கள். அறுபத்தெட்டு. இருவர் கைதட்டினார்கள். மூத்தவர் தட்டவில்லை. ஏதோ சொன்னார்.

"வேற ஒண்ணு பாக்கணுமாம்" என்றார் மேலாளர்.

மூத்தவரே ஒரு பிளாஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். மீட்டர் தேக்கினார். இந்தத் தடவை சுளீர் நெற்றிவரை போய் நின்று கத்தியது. அவருக்கு வியர்த்தது. அதற்கும் நடுவில், எண் தெளிவாக வந்தது.

"எழுபத்தொண்ணரை."

எழுபத்தொன்றரை. மூத்தவர் வெப்பமானியைத் தன் கையால் எடுத்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மெல்லக் கைதட்டினார். மேலாளரின் முகம் விரிந்தது.

"மீட்டர், இதே சூட்டோட படத்த எடுத்துடலாம். கப்பு வேணாம். நேரா வாயில வெச்சுக் குடிங்க. பெட்டியில அப்படித்தான் வரணும். குடிச்சுட்டு அப்படியே சிரிங்க."

மீட்டர் மூன்றாவது பிளாஸ்க்கைத் தூக்கி வாயில் வைத்தார். வெந்நீர் பல்லில் பட்டது. சுளீர் வரவில்லை. காத்திருந்தார். ஒன்றுமே வரவில்லை. கத்துவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்று அவருக்குப் புரிந்தபோது பிளாஸ்க்கின் விளிம்பு பல்லில் இடறியது. பல், தண்டு, திருகாணி எல்லாம் ஒன்றாகக் கழன்று பிளாஸ்க்குக்குள் போயின.

ணங்.

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மீட்டர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்து விளக்கை அடித்தார்.

மேலாளர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. மீட்டர் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி, மூடியைத் திருகி, காதருகே வைத்துக் குலுக்கி, மூத்தவரிடம் நீட்டினார். எஃகின் சத்தம் என்றும், தங்கள் அன்பளிப்பு என்றும் சொன்னார். மூத்தவர் வாங்கிக்கொண்டு, அதன் சூடு எவ்வளவு என்று கேட்டார். எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்காமல் விரல்களைக் காட்டினார். முதலில் ஆறு, பிறகு ஐந்து. முழுப் பொய். மூத்தவர் வெப்பமானியைக் கேட்கவில்லை. அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

மறுநாள் மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, சாம்பல் நிறத்தில் ஒரு எலும்புத் துணுக்கை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"பல்லு எங்க சார்? கொண்டுவந்தீங்களா?"

"ஏற்றுமதி ஆயிடுச்சு" என்றார் மீட்டர்.

கொஞ்ச நாளில் மேலாளர் தொழிற்சாலை முழுவதையும் முற்றத்தில் கூட்டிச் செய்தி சொன்னார். பெரிய ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை. அன்பளிப்பு பிளாஸ்க்கில் உருண்டுகொண்டிருந்த அந்தச் சின்ன உலோகம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குலுக்கினால் அடியில் தங்கும் சர்க்கரை கரைகிறது. இப்படி ஒரு யோசனை இதுவரை யாருக்கும் வந்ததில்லை. எல்லா பிளாஸ்க்கிலும் அது வேண்டும்.

"அது என்னதுன்னு அவங்களுக்குத் தெரியுமா சார்?" என்று மூடிப்பிரிவு அக்கா கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப உன்னோட இருக்கட்டும்."

எஃகில் திருகாணி வடிவத்தில் சின்னதாக ஒன்றை வார்த்தார்கள். அதை ஒவ்வொரு பிளாஸ்க்கிலும் போடுவதற்கு ஒரு பிரிவு திறந்தார்கள். எண் சொல்ல முடியாத மீட்டரை அங்கே மாற்றினார்கள். பரிசோதனை அறையில் வெப்பமானி தனியாக வேலை செய்தது. மீட்டர் நாள் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ணங். ணங்.

"எப்படி மீட்டரே இருக்கு புது வேலை?" என்று அக்கா திருகாணித் தட்டின்மேல் குனிந்து கேட்டாள்.

"பல்லு விழற சத்தம் பழகிடுச்சுக்கா" என்றார்.

அவள் அன்று அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. தன் பங்கு டீயில் பாதியை அவர் கப்பில் ஊற்றிவிட்டுப் போனாள்.

பெட்டியும் வந்தது. மீட்டரின் முகம்தான். உதடு மூடியிருந்த படத்தில் ஓவியர் ஒருவர் சிரிப்பை வரைந்திருந்தார். தாராளமாக வரைந்ததில் மேல்வரிசையில் ஒரு பல் கூடுதலாகவே விழுந்துவிட்டது. மீட்டர் ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிறகு அவரைப் பார்த்து, மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நான்தான்."

"கண்ணு மட்டும் உங்களுது" என்றாள். பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். அதற்குள் காய்ந்த மிளகாய் போட்டுவைத்தாள்.

எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க மீட்டர் மறுபடி செருப்புக்கடை மாடிக்குப் போனார். காத்திருக்கும் அறையில் ஒரு மாற்றம். சிரிக்கும் படங்களுக்கு நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பிளாஸ்க் பெட்டியின் முன்பக்கம் தொங்கியது. "எங்கள் மருத்துவமனையில் டைட்டானியப் பல் பெற்றவர்" என்று கீழே அச்சடித்திருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. மீட்டர் அதன் கீழே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒருவர், கைக்குட்டையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அந்த ஆளு மாதிரி வெச்சுவிடறேன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. எப்படிச் சிரிக்கறான் பாருங்க. குடுத்து வெச்சவன்."

மீட்டர் அண்ணாந்து பார்க்கவில்லை. பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். உள்ளே சின்னதாக ஒன்று உருண்டது. மூடியில் டீ ஊற்றினார். ஆவி எழுந்து முகத்தில் பட்டது. ஒரு மடக்கு எடுத்து, பழக்கத்தில், முன்பக்கம் தேக்கினார். டீ அந்த இடைவெளியில் நின்றது. அங்கே பல் இல்லை, திருகாணி இல்லை, ஒன்றுமில்லை. சூடு எங்கேயும் ஏறவில்லை. எதுவும் கத்தவில்லை. விழுங்கினார்.

வீங்கிய கன்னத்துக்காரர் ஆவியைப் பார்த்தார்.

"ஒரு வாய் குடுங்களேன். ரொம்பச் சூடா?"

எண் வரட்டும் என்று மீட்டர் கொஞ்சநேரம் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். பிறகு மூடியை அவர் பக்கம் நீட்டினார்.

"தெரியலீங்க" என்றார். "ஊதிக் குடிங்க."